கூப்பிடாமலே வரும் புரோகிராம்கள்: மெதுவான கணினியில் ஸ்டார்ட்அப்பைச் சரிசெய்வது எப்படி?

பாஸ்வேர்டு போட்டாயிற்று, டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது. ஆனால் பிரவுசரைத் திறந்தால் திறக்காது. மவுஸ் பக்கத்தில் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு நிமிடம் போனால் தானாகவே சரியாகிவிடும். உங்கள் கணினியின் தொல்லை இந்த ரகம் என்றால், அதைச் சரிசெய்ய எதையும் வாங்க வேண்டாம், அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அந்த மூன்று நான்கு நிமிடமும் என்ன நடக்கிறது? நீங்கள் உள்ளே நுழைந்த கையோடு பத்துப் பதினைந்து புரோகிராம்கள் உங்களைக் கேட்காமலே ஒன்றாகக் கிளம்புகின்றன. இன்ஸ்டால் செய்யும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனோமே, அப்போதே அவை ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில், அதாவது கணினி தொடங்கும்போதே தானாகத் திறக்க வேண்டியவற்றின் பட்டியலில், தம் பெயரை எழுதிக்கொண்டன. பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் இது பெரிய சுமை. சுழலும் தட்டின் மேல் ஒரு சிறு முனை இடம் விட்டு இடம் நகர்ந்துதான் தகவலைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது விநாடிக்கு 100 இடங்களை எட்டிப்பார்ப்பதே அதிகம். அதில் பதினைந்து புரோகிராம்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து இழுத்தால், நீங்கள் திறந்த பிரவுசர் வரிசையின் கடைசியில் நிற்கும். எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்கில் நகரும் பாகமே இல்லாததால் அங்கே இந்த நெரிசல் தெரியாது, ஆனால் ரேமில் (ஓடும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகத்தில்) இடம் பிடிப்பது அங்கும் உண்டு.

முதலில் நேரம் பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கைபேசியில் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நேரங்களைக் குறியுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்ததிலிருந்து பாஸ்வேர்டு திரை வரும்வரை ஒன்று. பாஸ்வேர்டு போட்டதிலிருந்து பிரவுசர் ஒழுங்காகத் திறக்கும்வரை இன்னொன்று. இந்தக் கட்டுரை குறைக்கப்போவது இரண்டாவதை மட்டும்தான். முதலாவதுதான் இழுக்கிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ஷட் டவுன் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்து அளக்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. அது இருந்தால், ஷட் டவுனில் விண்டோஸ் தன் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். முழுக்கப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

பட்டியலைத் திறப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சிறிய பெட்டியாக வந்தால் கீழே ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைச் சொடுக்கி, மேலே ‘ஸ்டார்ட்அப்’ டேபுக்குப் போங்கள். விண்டோஸ் 11-இல் இடப்பக்கம் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ என்று இருக்கும்.

அங்கே ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ என்ற பத்தியில் ‘ஹை’ என்று பார்த்ததும் பதறிவிடாதீர்கள். தொடங்கும்போது பிராசஸரை 1 விநாடிக்கு மேல் பிடித்தாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ விண்டோஸ் அதை ‘ஹை’ என்று போட்டுவிடும். 3 எம்பி என்பது கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவு. அதனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்து எதையும் நிறுத்த வேண்டாம்.

எதை நிறுத்துவது, எதை விடுவது

ஒவ்வொரு பெயரையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது நான் கூப்பிடும்போது வந்தால் போதுமா, கூப்பிடாமலே வந்து நிற்க வேண்டுமா?

பாட்டுக் கேட்கும் ஆப், கேம் லாஞ்சர், வீடியோ மீட்டிங் ஆப், சாட் ஆப் எல்லாம் கூப்பிட்டால் வந்தால் போதும். பிரின்டரோடு வந்த உதவிப் புரோகிராமும் பெரும்பாலும் அப்படித்தான்; அதை நிறுத்தினாலும் சாதாரணமாகப் பிரின்ட் வரும். பெயரில் ‘அப்டேட்டர்’ என்று இருப்பவற்றில் பலவும் இந்தக் கணக்குதான், ஆனால் அந்த மென்பொருளை அவ்வப்போது நீங்களே திறந்து அப்டேட் பார்க்க வேண்டியிருக்கும்.

விண்டோஸ் செக்யூரிட்டி, ஆன்ட்டி வைரஸ், ஆடியோ, டச்பேட், தமிழ்த் தட்டச்சுக்கு வைத்திருக்கும் மென்பொருள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஒருமுறை உற்சாகத்தில் பட்டியல் முழுவதையும் நிறுத்திவிட்டேன். மறுநாள் டச்பேடில் இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்த முடியவில்லை. வன்பொருள்தான் போயிற்று என்று நினைத்து ஒரு மாலைப்பொழுதை வீணடித்தேன்.

கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியவை. நிறுத்தினால் வேகம் கிடைக்கும். ஆனால் நீங்களாகத் திறக்கும்வரை உங்கள் கோப்புகள் இணையத்தில் ஏறாது. ஏறிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, டிஸ்க் பழுதான அன்று தேடினால் இருக்காது. முக்கியமான கோப்புகளை அதில் வைத்திருந்தால் சில விநாடிகள் தாமதமானாலும் பரவாயில்லை, நிறுத்தாதீர்கள்.

முடிவு செய்ததும் அந்தப் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘டிசேபிள்’ கொடுங்கள். அவ்வளவுதான். புரோகிராம் அழியாது, வழக்கம்போல ஐகானைச் சொடுக்கித் திறக்கலாம். தப்பாகிப் போனால் அதே இடத்தில் ‘எனேபிள்’. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்யாமல், மூன்று நான்கை நிறுத்தி, ஒரு தாளில் எழுதி வைத்து, ஒருநாள் வேலை செய்து பாருங்கள். ஏதாவது முரண்டு பிடித்தால் எது காரணம் என்று உடனே தெரியும்.

தெரியாத பெயர் வந்தால்

ரைட் கிளிக்கில் ‘சர்ச் ஆன்லைன்’, ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ என்ற இரண்டும் உண்டு. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. கோப்பு இருக்கும் ஃபோல்டரைப் பார்த்தாலே எந்த மென்பொருளின் வாரிசு என்று பெரும்பாலும் புரிந்துவிடும். வெறுமனே ‘புரோகிராம்’ என்று, ஐகானும் இல்லாமல் இருந்தால், அநேகமாக நீங்கள் எப்போதோ நீக்கிய மென்பொருளின் எச்சம். வெளியிட்டவர் பெயரே இல்லாமல், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டரிலிருந்து எது ஓடினாலும் முதலில் ஆன்ட்டி வைரஸ் ஸ்கேன் போடுங்கள்.

நிறுத்தியும் திரும்பி வருகிறதா?

சில ஆப்கள் அப்படித்தான். டாஸ்க் மேனேஜரில் துரத்தினால் அடுத்த அப்டேட்டில் மறுபடி வந்து உட்காரும். அந்த ஆப்பைத் திறந்து அதன் செட்டிங்ஸிலேயே ‘கணினி தொடங்கும்போது திறக்கவும்’ என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுங்கள். இன்னொரு வழியும் உண்டு: செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் வரிசையில் போனால், முன்பு திறந்திருந்த ஆப்களை மறுபடி திறந்து வைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதையும் அணையுங்கள்.

விண்டோஸின் உள் அமைப்புகளான சர்வீசஸ் பக்கமும் ரெஜிஸ்ட்ரி பக்கமும் இப்போதைக்குப் போக வேண்டாம். ‘ஒரே கிளிக்கில் வேகம்’ என்று ஆசை காட்டும் கிளீனர் மென்பொருள்களும் வேண்டாம். அவற்றில் பல, இன்ஸ்டால் ஆனதும் முதல் வேலையாக இதே ஸ்டார்ட்அப் பட்டியலில்தான் ஏறி உட்காருகின்றன.

மறுபடி அளந்து பாருங்கள்

ரீஸ்டார்ட் செய்து இரண்டாவது நேரத்தைக் குறியுங்கள். குறைந்திருந்தால் வேலை முடிந்தது. பெரிதாக மாறவில்லையா? கணினி திணறும்போதே டாஸ்க் மேனேஜரின் ‘பிராசஸஸ்’ பக்கத்தைத் திறந்து மேலே தெரியும் சதவீதங்களைப் பாருங்கள். டிஸ்க் நிமிடக்கணக்கில் 100 சதவீதத்திலேயே நின்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ரேம் போதவில்லை. அந்த இரண்டையும் ஸ்டார்ட்அப் பட்டியலை வைத்துச் சரிக்கட்ட முடியாது.