ராமநாதபுரம் பக்கம் வருகிறீர்களா? மருந்துச் சீட்டையும் எடுத்து வையுங்கள்

முன்பு ஒரு நோன்புப் பெருநாளைக்கு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து எங்கள் ஊரான பெரியபட்டினம் வந்திருந்தேன். வந்த இரண்டாம் நாள்தான் தெரிந்தது, அவர் தூக்கத்துக்காக இரவில் போடும் அல்பிரசோலம் மாத்திரையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று. சரி, நம்ம ஊர்தானே, மெடிக்கலில் பேரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று ராமநாதபுரம் போனேன். சின்ன வயதில் அப்படித்தான் எத்தனையோ மாத்திரை வாங்கியிருக்கிறேன்.

கடைக்காரத் தம்பி அட்டையை எடுத்தார். ஆனால் என் கையில் தரவில்லை. பின்பக்கத்தைத் திருப்பி, சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த எழுத்தைக் காட்டினார். "காக்கா, கோவிச்சுக்காதீங்க. டாக்டர் சீட்டு இல்லாம இதக் குடுக்க முடியாது." நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். "நீங்க யாருன்னு கேக்கல காக்கா. யாரு எழுதிக் குடுத்தாங்கன்னுதான் கேக்குறேன்."

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவில் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஆனால் 2006 முதல் அதைக் கவுன்டருக்குப் பின்னால்தான் வைக்கிறார்கள். போட்டோ உள்ள அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 3.6 கிராம், 30 நாளைக்கு 9 கிராம் என்று கணக்கு வேறு. அந்தப் பழக்கத்தில், ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) பாஸ்போர்ட்டோ காட்டினால் போதும் என்று நினைத்து இங்கே வருகிறோம். இங்கே அடையாள அட்டை இரண்டாவது. முதலில் சீட்டு.

அந்தச் சிவப்புக் கட்டம், மருந்து அட்டவணை எச்-1-இல் இருக்கிறது என்பதற்கான அடையாளம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளுக்கான அரசுப் பட்டியல் அது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அல்பிரசோலம், டயசெபம், சோல்பிடெம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், டிரமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப், வீரியமான பல ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள் எல்லாம் இதில் வரும். இவற்றை விற்றால் கடைக்காரர் தனி நோட்டில் எழுத வேண்டும்: எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எத்தனை. அந்த நோட்டை 3 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும். உங்களுக்காக ஒரு வரியை விட்டுவிட்டால் பதில் சொல்லப்போவது அவர்தான். முகம் தெரியாத ஆளாக இருந்தால் சில கடைகளில் ஆதாரும் கேட்கலாம். ஆதார் இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டலாம், அதற்குத்தான் அது உதவும்.

நம் கடற்கரையில் கெடுபிடி கொஞ்சம் கூடுதலாகத் தெரிவதற்கு வேறு காரணமும் உண்டு. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. மஞ்சள், பீடி இலையோடு வலி மாத்திரைகளும் பெட்டி பெட்டியாகக் கள்ளத்தனமாகப் படகேறுகின்றன. மண்டபம், வேதாளை, உச்சிப்புளி பக்கம் அவை பிடிபடுவதை ஊரில் இருப்பவர்கள் அடிக்கடி செய்தியில் பார்க்கிறார்கள். அதனால் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து "ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துக் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாத்திரைகளால் வீணாகும் பிள்ளைகள் நம் தெருப் பிள்ளைகளும்தான்.

சரி, என்ன செய்யலாம்? வெளிநாட்டு டாக்டரின் சீட்டை வைத்துக் கடையில் வாங்க முடியும் என்று நம்பி வராதீர்கள். இங்கே பதிவு பெற்ற டாக்டர் எழுதியதாக இருக்க வேண்டும். ஆனாலும் அந்தச் சீட்டை அவசியம் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்தால் இங்குள்ள டாக்டருக்கு எழுதுவது சுலபம். எனக்கும் அதுதான் உதவியது. வாப்பாவின் சீட்டு போனில் போட்டோவாக இருந்ததால், மறுநாள் காலை டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு அங்கேயே எழுதிக் கொடுத்தார். கம்பெனிப் பெயரைவிட மருந்தின் பெயர் முக்கியம். அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பது இங்கே பாரசிட்டமால், அல்பியூட்டரால் என்பது சால்பியூட்டமால்.

எழுதி வாங்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை டாக்டர் எழுதிவிட்டால் திரும்பும்போது விமான நிலையத்தில் அந்தச் சீட்டு யாருடையது என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். தேதி, கையெழுத்து, முகவரி, மொத்தம் எத்தனை மாத்திரை, எப்படிப் போடுவது என்பதெல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். வீடியோவில் டாக்டரைப் பார்த்து வாங்கலாமே என்று தோன்றும். காய்ச்சல், சளிக்குச் சரி. போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் அல்பிரசோலம் போன்றவற்றை அப்படி எழுதக்கூடாது என்பது 2020 முதல் உள்ள விதி. நேரில்தான் போக வேண்டும். தனியார் கிளினிக் பூட்டியிருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விவரம் கேட்க 104, அவசரம் என்றால் 108.

கவனக்குறைவுப் பிரச்சினைக்காக (ADHD) பிள்ளைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அது எச்-1-ஐவிடக் கடுமையான அட்டவணை எக்ஸில் வரும். சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடையில் 2 வருடம் வைத்துக்கொள்வார்கள். கீழக்கரை, தொண்டியில் அதைத் தேடி அலைய நேர்ந்தால் விடுமுறையே போய்விடும். இருக்கும் நாளுக்குத் தேவையானதை, கடைப் பெட்டியைப் பிரிக்காமல், டாக்டர் கடிதத்தோடு கொண்டுவாருங்கள். இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் இதுபோன்ற மனநல மாத்திரைகளைச் சொந்த உபயோகத்துக்குச் சீட்டோடு 100 வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதினால் 300 வரை.

சாதாரண பாரசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் இதற்கெல்லாம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அப்புறம், திரும்பும் பயணம். இங்கே முறையாக வாங்கியதும் இறங்கும் நாட்டில் குற்றமாகலாம். டிரமடால், கோடீன், நரம்பு வலிக்கான பிரிகாபலின் எல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் இருப்பவை, முன் அனுமதி வாங்கித்தான் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூரிலும் அல்பிரசோலம், கோடீன் போன்றவற்றுக்கு முன் அனுமதி உண்டு. கிளம்பும் நாள் பக்கத்து வீட்டு மாமி, "துபாய்ல மகனுக்கு முதுகுவலி, இந்த ரெண்டு அட்டைய மட்டும் குடுத்துடு வாப்பா" என்று கொடுப்பார். அட்டையை வாங்கிப் பெயரைப் படியுங்கள். மேலே சொன்ன வகையாக இருந்தால், மகனே அங்கே டாக்டரைப் பார்க்கட்டும் மாமி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் தரும் கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.