அப்டேட்டுக்குப் பிறகு ஹோம் சர்வர் எழவில்லையா? ஸ்கிரீனின் கடைசி வரியைப் படியுங்கள்

லினக்ஸ் ஓடும் வீட்டு சர்வருக்கு அப்டேட் போட்டீர்கள், ரீபூட் கொடுத்தீர்கள், அதற்கப்புறம் தூரத்திலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்ஹெச் உள்ளே விட மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் நிறைய பேர் பென்டிரைவை எடுத்து ஓஎஸ்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும், பூட் ஆகும் வழியில் எங்கோ ஓரிடத்தில்தான் சிக்கல். அவசரத்தில் இன்ஸ்டாலரை ஓட்டி, தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்துவிட்டால் அப்போதுதான் உண்மையான நஷ்டம்.

இன்னொன்று, பழியை உடனே அப்டேட்டின் தலையில் கட்டாதீர்கள். வீட்டு சர்வர் மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடும். நடுவில் நீங்கள், பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி சேர்த்திருப்பீர்கள், பழைய யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைக் கழற்றியிருப்பீர்கள், தேதியையும் செட்டிங்குகளையும் காக்கும் மதர்போர்டின் சிமாஸ் பேட்டரி சத்தமில்லாமல் தீர்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு இதெல்லாம் தெரியாது, ரீபூட் ஆகும்போதுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கும். அதனால் 'அப்டேட் எதை மாற்றியது' என்று கேட்கும்போதே, 'கடைசி ரீபூட்டுக்குப் பிறகு நான் எதை மாற்றினேன்' என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விக்குத்தான் அடிக்கடி பதில் கிடைக்கிறது.

முதல் வேலை, சர்வர் நிஜமாகவே பூட் ஆகவில்லையா என்று பார்ப்பது. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, மெஷின் பதில் சொல்கிறதா என்று கேட்கும் பிங் போட்டுப் பாருங்கள். பதில் வந்தால் மெஷின் எழுந்துவிட்டது, எஸ்எஸ்ஹெச் சர்வீஸோ ஃபயர்வாலோதான் பிரச்சினை. பதில் வராவிட்டாலும் பூட் ஆகவில்லை என்று முடிவுகட்ட முடியாது. கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; புது கெர்னல் வந்தபிறகு நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிடுவது உண்டு, ஈஎன்பி3எஸ்0 என்று இருந்தது ஈஎன்பி4எஸ்0 ஆகிவிடும், கான்ஃபிக் ஃபைலில் பழைய பெயரே இருப்பதால் ஐபி கிடைக்காது. ஒரு பிசிஐ கார்டைச் செருகினாலும் கழற்றினாலும் இதே கதைதான். இதையெல்லாம் தூரத்திலிருந்து யூகித்துக்கொண்டிருப்பதைவிட ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டிவிடுங்கள். லாகின் கேட்கிறது என்றால் உள்ளே போய் 'ஐபி ஏ' அடித்து இப்போதைய பெயரைப் பார்த்து, நெட்வொர்க் செட்டிங் இருக்கும் நெட்பிளானிலோ இன்டர்ஃபேசஸ் ஃபைலிலோ திருத்திவிட்டால் வேலை முடிந்தது.

லாகின் வரவில்லையா? அப்போது ஸ்கிரீனில் கடைசியாக நிற்கும் வரியை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூட் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை: முதலில் மதர்போர்டின் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ, பிறகு கெர்னலை ஏற்றிவிடும் கிரப், பிறகு கெர்னலும் அதற்கு ஆரம்பத்தில் தேவையான டிரைவர்கள் இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும், கடைசியில் மற்ற சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி. எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெறும் லோகோவோடு நின்றாலோ 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தாலோ லினக்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை. பயாஸுக்குள் போய் டிஸ்க் தெரிகிறதா, பூட் வரிசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் இருந்தால் பேட்டரி போய்விட்டது, செட்டிங்குகளும் அதோடு போயிருக்கும்.

கிரப் வரை வருகிறது என்றால் கிட்டத்தட்ட தப்பித்தீர்கள். டெபியன், உபுண்டு வகைகளில் அப்டேட் புது கெர்னலைப் போடும்போது பழையது ஒன்றையாவது விட்டுவைக்கும். மெனு தானாக வராவிட்டால், பயாஸ் முறை மெஷினில் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் ஒரு படி பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுந்துவிட்டால் குற்றவாளி புது கெர்னல் அல்லது அதன் இனிட்ராம்எஃப்எஸ். எழவில்லை என்றால் கெர்னலைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

புது கெர்னலில் மட்டும் 'கெர்னல் பேனிக்' என்று வந்து, 'அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)' என்ற வரியோடு நின்றால், பத்தில் ஒன்பது தடவை காரணம் சப்பையானது: கெர்னல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. அதைச் சின்னதாக வைத்திருப்பீர்கள், பழைய கெர்னல்கள் சேர்ந்துகொண்டே போயிருக்கும், புது கெர்னல் எப்படியோ இடம்பிடித்துவிடும், அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் எழுதும்போது இடம் தீர்ந்துவிடும். டிஸ்க்குக்கான டிரைவர் அதற்குள் இருப்பதால், அது இல்லாமல் கெர்னலுக்கு ஓஎஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பழைய கெர்னலில் பூட் செய்து 'டிஎஃப் -ஹெச்' பாருங்கள். பூட் 100% என்று காட்டினால் 'ஏபிடி ஆட்டோரிமூவ்' கொடுங்கள். இடமே இல்லாமல் அதுவும் தகராறு செய்தால், 'யூநேம் -ஆர்' அடித்து இப்போது ஓடும் கெர்னல் எது என்று உறுதி செய்துகொண்டு, அதுவல்லாத மிகப் பழைய ஒன்றின் இனிட்ஆர்டி ஃபைலை (இனிட்ராம்எஃப்எஸ் இருப்பது அதில்தான்) மட்டும் கையால் நீக்குங்கள். அப்புறம் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பிறகு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்', கடைசியில் 'அப்டேட்-கிரப்'. இந்த வரிசையை மாற்றாதீர்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போன மெஷினுக்கும் இதே மருந்துதான்.

கெர்னல் ஓடி, வரிகள் வந்து, 'எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் ஃபார்' என்று ஒரு வரியில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருக்கிறதா? பக்கத்தில் ஓடும் நேரம் 1 நிமிடம் 30 விநாடியை எட்டியதும் 'எமர்ஜென்சி மோட்' என்று விழும். அப்டேட்டுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. எஃப்எஸ்டேப்பில் எழுதிய ஒரு டிஸ்க் இப்போது இல்லை, அல்லது ஃபார்மட் செய்ததால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிட்டது, சிஸ்டம்டி அதற்காகக் காத்திருந்து கைவிட்டுவிட்டது. நிர்வாகி கணக்கான ரூட்டின் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய், 'பிளாக்ஐடி' காட்டும் யூயூஐடிக்களை எஃப்எஸ்டேப்பில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பொருந்தாத வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போட்டுவிட்டு ரீபூட் செய்யுங்கள். பேக்கப் டிஸ்க், மீடியா டிஸ்க் போன்றவற்றுக்கு 'நோஃபெயில்' என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிட்டால் அவை இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். எல்லா டேட்டா டிஸ்க்குக்கும் நான் இதைப் போடச் சொல்வேன், ரூட் பார்ட்டிஷனுக்கு மட்டும் வேண்டாம்.

ஒரு தொந்தரவு உண்டு. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும் மெஷினில் எமர்ஜென்சி மோட் உள்ளேயே விடாது. அப்போது கிரப் மெனுவில் ஆங்கில 'ஈ' கீயை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பேஷ்' என்று சேர்த்து கண்ட்ரோல்-எக்ஸ் கொடுங்கள். நேராக ரூட் ஷெல் வரும். டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருந்தால் 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' அடித்துவிட்டுத் திருத்துங்கள், முடிந்ததும் 'சிங்க்' கொடுத்துவிட்டு 'ரீபூட் -எஃப்'. அதே கிரப் வரியில் 'கொயட்' என்ற சொல்லை அழித்தால் மறைந்திருக்கும் பூட் செய்திகள் எல்லாம் தெரியும். ஸ்கிரீன் வெறும் கறுப்பாக இருந்தால் 'நோமோட்செட்' சேர்த்துப் பாருங்கள், கிராபிக்ஸ் டிரைவர் தகராறாக இருக்கலாம்.

அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற பிராம்ப்ட் வந்து 'மேனுவல் எஃப்எஸ்சிகே' கேட்டால், அந்த பார்ட்டிஷன் மேல், பிழைகளைச் சோதித்துச் சரிசெய்யும் 'எஃப்எஸ்சிகே -ஒய்' ஓட்டலாம். ஆனால் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஸ்கிரீன் முழுக்க ஐ/ஓ எரர் ஓடினாலோ கை வைக்காதீர்கள். முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள், சரிசெய்வது அப்புறம்.

மிச்சம் இருப்பது 'கிரப் ரெஸ்கியூ' பிராம்ப்ட். 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க கிரப் அப்டேட் வந்தபோது பல மெஷின்கள் 'சிம்பல் கிரப்_காலாக் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லி நின்றுவிட்டன. கிரப்பின் துணை ஃபைல்கள் புதிதாகிவிட்டன, ஆனால் பூட் ஆகும் டிஸ்க்கின் முதல் செக்டாரில் பழைய கிரப்பே இருந்தது, ஏனென்றால் பேக்கேஜுக்குச் சொல்லிவைத்திருந்த டிஸ்க் வேறு. டிஸ்க்குகளை மாற்றி மாற்றிச் செருகும் வீட்டு சர்வருக்கு இது இன்றைக்கும் நடக்கும். பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்தால் அதையும், யூஇஎஃப்ஐ என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அதனதன் இடத்தில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், பிராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்துவிட்டு 'சிஹெச்ரூட்' கொடுத்து டிஸ்க்கில் இருக்கும் ஓஎஸ்ஸுக்குள் போய், 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் லைவ் யூஎஸ்பியையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்யவேண்டும், இதைக் கவனிக்காமல் தலையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம். பயாஸ் முறையில் கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள், பார்ட்டிஷனின் பெயரை அல்ல.

சர்வர் எழுந்தபிறகு 'ஜர்னல்சிடிஎல் -பி -1' அடித்தால் முந்தைய பூட்டின் பதிவு கிடைக்கும், ஆனால் அந்த பூட் டிஸ்க்கில் எழுதும் வரை போயிருந்தால்தான். எந்தப் பேக்கேஜ் எப்போது மாறியது என்பது ஏபிடியின் ஹிஸ்டரி லாகில் இருக்கும். புது கெர்னல்தான் குற்றவாளி என்று உறுதியானால், புது கெர்னல்களை இழுத்துவரும் கெர்னல் மெட்டா பேக்கேஜை 'ஏபிடி-மார்க் ஹோல்ட்' போட்டு நிறுத்திவைத்துவிட்டு, சரிசெய்த கெர்னல் வந்ததும் எடுத்துவிடுங்கள், கெர்னலின் பாதுகாப்பு அப்டேட்டும் இதோடு நின்றுவிடும் என்பதால் மறந்துபோய் வருடக்கணக்கில் விட்டுவிடக்கூடாது. கிரப்பின் டைம்அவுட் 0 என்று இருந்தால் 5 ஆக்கி, மெனு எப்போதும் தெரிகிற மாதிரி மாற்றி, இன்னொரு முறை 'அப்டேட்-கிரப்' கொடுங்கள். மானிட்டரைக் கழற்றும் முன் ஒரு ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.