மெஹந்திப் பச்சைச் சுவர்: வெள்ளை பிரைமர் போதாது

ஷேடு கார்டில் ஆலிவ் என்றிருக்கும் இந்த அடர் நிறத்தை நம் ஊர் சேலைக் கடையில் மெஹந்திப் பச்சை என்பார்கள். ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையின் இரண்டு சுவர்களுக்கு, மாசி மாதம் நானும் அண்ணனும் அடித்தோம். ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடியும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியும். அந்தப் பச்சை உள்ளேயும் வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பேப்பர் போட்டுத் தேய்ப்பது எல்லாம் வழக்கம்போலத்தான். மலையில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்யுங்கள். ஒரு சாண் பாலிதீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. ஐப்பசி மழை குடித்த எங்கள் மேற்குச் சுவர் தை கடைசியில்தான் காய்ந்தது.

அடுத்தது பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் சுவருக்கு வழக்கமான வெள்ளை பிரைமரை அடித்து, மேலே பச்சையை இரண்டு கோட் ஓட்டினேன். ரோலர் போன தடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரிந்தது. மூன்றாவது கோட்டிலும் போகவில்லை, நான்காவதில்தான் அடங்கியது. அடர் நிறங்களைக் கலக்கக் கடையில் எடுக்கும் பேஸில் (நிறம் சேர்க்காத மூலப் பெயின்டில்) வெள்ளை நிறமி மிகக் குறைவு. அடியில் இருப்பதை மறைப்பதே அந்த வெள்ளை நிறமிதான். அதனால் அடியில் பளிச்சென்ற வெள்ளை இருக்கவே கூடாது.

இரண்டாவது சுவருக்கு வாட்டர் பிரைமரில் கறுப்பு ஸ்டெய்னரை (நிறம் சேர்க்கும் சாயத்தை) சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். விபூதியைவிட ஒரு பிடி கறுத்த சாம்பல் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதன்மேல் பச்சை இரண்டே கோட்டில் நின்றது!

முதல் சுவர் குடித்த கணக்கில் பெயின்ட் பற்றவில்லை. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் வாங்கி வந்தோம். அதே கம்பெனி, அதே நம்பர், ஆனாலும் புது டப்பா ஒரு இழை மஞ்சளாக இருந்தது. 100 சதுர அடிக்கு இரண்டு கோட் என்றால் ஒன்றரை, ஒன்றேமுக்கால் லிட்டர் ஆகும். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கி, ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அடிக்கும்போது ஓரங்களை முதலிலேயே அறை முழுக்க இழுத்து வைக்காதீர்கள். காய்ந்த ஓரம் சட்டம் போட்டதுபோலத் தனியாகத் தெரியும். இரண்டு அங்குல பிரஷ்ஷால் ஒருவர் மூன்றடி ஓரம் இழுக்க, ஈரம் காயுமுன் மற்றவர் ரோலரை ஓட்ட வேண்டும். ஸ்பாஞ்ச் ரோலர் வேண்டவே வேண்டாம், குமிழி விடும். குட்டை முடி ரோலர்தான் என் தேர்வு. ஓரம் மறைக்க பிரவுன் டேப் ஒட்டினால், உரிக்கும்போது பட்டியோடு பெயர்ந்து வரும். பேப்பர் டேப் ஒட்டுங்கள், கடைசி கோட் காயுமுன் உரித்துவிடுங்கள்.

ஷேடு முடிவு செய்வதற்கு முன் இரண்டடி அட்டையில் அடித்து, ராத்திரி விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் பல்பில் இந்தப் பச்சை காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். நான் 4000கே பல்புக்கு, அதாவது அவ்வளவு மஞ்சளடிக்காத வெள்ளை வெளிச்சத்துக்கு, மாறினேன். கூரையும் மற்ற இரண்டு சுவர்களும் சந்தன வெள்ளை. தேக்குக் கட்டில், பிரம்பு நாற்காலி, ஒரு பித்தளைச் செம்பு, அவ்வளவுதான் வைத்தோம். செம்பு அந்தச் சுவருக்கு முன்னால் தீபம்போல் நிற்கிறது.

பிற்சேர்க்கை: அம்மாபேட்டையிலிருந்து ஒருவர், சேலம் வெயிலுக்கு அடர் நிறம் அறையைச் சூடாக்காதா என்று கேட்டிருந்தார். உள்சுவர் நிறத்தால் சூடு கூடாது. மொட்டை மாடி வழியாகவும் வெயில் படும் வெளிச்சுவர் வழியாகவும்தான் சூடு இறங்கும். உப்புப் பூத்த பழைய சுவர் பற்றி இன்னொருவர் கேட்டார். அங்கே இப்போதைக்கு அடிக்காதீர்கள். உப்பு வெள்ளையாகப் பூப்பது அடர் பச்சையில் இரண்டு மடங்கு தெரியும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அடைத்து, பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகு பிரைமரைத் தொடுங்கள்.