28-ஆ, 35-ஆ? கும்பகோணம் கடைத்தெருவில் நின்று முடிவு செய்யும் முறை

தெருப் புகைப்படத்துக்கென்று முதல் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் 28 மி.மீ., 35 மி.மீ. என்ற இரண்டு குவியத் தூரங்களுக்கும் (எண் குறையக் குறையக் காட்சி அகலும்) நடுவில்தான் தடுமாறுகிறார்கள். கூர்மை, எடை, விலை என்று ஒப்பிட்டு ஒப்பிட்டே மாதங்கள் ஓடிவிடுகின்றன. என்னைக் கேட்டால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதிரில் இருப்பவரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நின்றால் உங்களுக்கு இயல்பாகப் படம் வருகிறது? இதற்குப் புது லென்ஸ் எதுவும் வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 ஜூமும் ஒரு காலைப் பொழுதும் போதும்.

முதல் படி: எண்களைச் சரிசெய்தல்

28, 35 என்பவை ஃபுல் ஃபிரேம் கணக்கு, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள சென்சாருக்கான (ஒளியைப் பதிவு செய்யும் பகுதி) கணக்கு. தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் லென்ஸில் உள்ள எண்ணை 1.5-ஆலும், கேனான் என்றால் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். ஜூமை 18-இல் வைத்தால் ஏறக்குறைய 28 கிடைத்துவிடும். 35-க்கு 23-இல் வைக்க வேண்டும், கேனானில் 22. ஜூம் வளையத்தில் 24 என்ற எண்ணுக்குச் சற்று முன்னால் சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டி அடையாளம் செய்துகொள்ளுங்கள். அதன்பிறகு இந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் வளையத்தைத் திருப்பக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சோதனைக்கே பொருள் இல்லை.

இரண்டாம் படி: தூரத்தை உடம்புக்குப் பழக்குதல்

வீட்டில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். ஐந்தரை அடி உயரம் உள்ளவர், கேமராவைப் படுக்கைவாட்டில் பிடிக்கும்போது, தலை முதல் பாதம் வரை அடங்க 28-க்கு ஆறரை அடி தள்ளி நிற்க வேண்டும், 35-க்கு எட்டடி. ஒன்றரை அடி வித்தியாசம்தானே என்று தோன்றும். தெருவில் அது பெரிய வித்தியாசம். ஆறரை அடியில் நீங்கள் அவரோடு பேசும் தூரத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். அவர் நிமிர்ந்து பார்ப்பார். எட்டடியில் தெருவில் போகிறவர்களில் ஒருவராக நின்றுகொள்ள முடியும்.

மூன்றாம் படி: கடைத்தெரு

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை முன் நில்லுங்கள். கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்: “அண்ணே, கடையை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அடுத்த கடை.

18-இல் வைத்து எடுங்கள். இடப்பக்கம் அடுக்கிய பித்தளைக் குடங்கள், மேலே கம்பியில் தொங்கும் கரண்டிகள், நடுவில் அண்டாவை விரல் முட்டியால் தட்டி ஓசை பார்க்கும் அம்மா, வலப்பக்கம் வாசலில் சாத்திய சைக்கிள் எல்லாம் உள்ளே வந்துவிடும். நின்ற இடம் மாறாமல் 23-க்குப் போங்கள். சைக்கிள் போயிற்று, கரண்டிகள் போயின. அந்த அம்மாவும் பக்கத்துக் குடங்களுமே முன்னுக்கு வந்து நிற்கும். முதல் படம் கடையைச் சொல்கிறது, இரண்டாவது அவரைச் சொல்கிறது.

இப்போது முதல் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். இடது ஓரத்துக் குடம் உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இழுபட்டிருக்கும். விரிகோண லென்ஸ் எதுவானாலும் ஓரத்தில் இப்படித்தான் இழுக்கும். 28-இல் கூடுதல், 35-இல் குறைவு. குடம் இழுபடலாம், ஒருவருடைய முகம் இழுபடக் கூடாது. ஆகவே 28-இல் மனிதர்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள்.

நான்காம் படி: கோபுரம்

சாரங்கபாணி கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலை. சுமார் 170 அடி. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் வரும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, சாய்க்காமல் முழுக் கோபுரத்தையும் அடக்க, 28-க்கு சுமார் 80 மீட்டரும் 35-க்கு சுமார் 100 மீட்டரும் பின்வாங்க வேண்டும். அத்தனை தூரத்தில் கோபுரத்தடியில் நடப்பவர்கள் புள்ளிகளாகிவிடுவார்கள். கோபுரத்துக்காக மட்டும் 28 வாங்குவதில் பயனில்லை. கீழ்நிலை இரண்டையும் வாசலில் பூ விற்பவரையும் சேர்த்து எடுத்தாலே ஊர் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: ஃபோகஸை முன்கூட்டியே வைத்தல்

நடமாட்டம் உள்ள தெருவில் கேமரா ஃபோகஸைத் தேடிக்கொண்டிருந்தால் நல்ல கணம் போய்விடும். எட்டடி தூரத்தில் உள்ள எதன்மீதாவது ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) எஃப் 8, ஷட்டர் வேகம் 1/250 விநாடி, வண்டிகள் வந்தால் 1/500, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. ஃபுல் ஃபிரேமில் இந்த அமைப்பில் 28-க்கு நாலரை அடி முதல் சுமார் 30 அடி வரை தெளிவாக விழும். 35-க்கு ஐந்தரை அடி முதல் சுமார் 15 அடி வரைதான். ஏபிஎஸ்-சி கேமராவில் இரண்டுக்குமே இன்னும் தாராளமாகக் கிடைக்கும். அவசரத்தில் 28 அதிகம் மன்னிக்கும் என்று சொல்வது இதனால்தான்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: மகாமகக் குளத்தில் குளிப்பவர்களை எந்த லென்ஸாலும் எடுக்காதீர்கள். கோயிலுக்குள் கேமரா எடுக்கும்முன் அனுமதி கேளுங்கள்.

ஆறாம் படி: படங்களைப் பிரித்துப் பார்த்தல்

வீட்டுக்கு வந்ததும் 18-இல் எடுத்தவற்றையும் 23-இல் எடுத்தவற்றையும் தனித்தனியே வையுங்கள். 18-இல் எடுத்த படங்களை எல்லாம் வெட்டிச் சுருக்கத் தோன்றுகிறதா? உங்களுக்கு 35. 23-இல் எடுத்தவற்றில் கையும் காலும் வெட்டுப்பட்டு, பின்வாங்கி நடுத்தெருவுக்கே வந்தது நினைவிருக்கிறதா? உங்களுக்கு 28. நியூயார்க் தெருக்களைப் பெரும்பாலும் 28-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் எடுத்துத் தள்ளினார். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன் 50-ஐயே பெரிதும் நம்பினார். அவரவர் நிற்கும் தூரம் அது.

குறுகலான கும்பகோணம் கடைத்தெருக்களுக்கு என் தேர்வு 28. திருவாரூர்த் தேர்வீதி போன்ற அகலமான தெருவில், மனிதர்கள் எட்டியே நடக்கும் இடத்தில், 35 எடுப்பேன்.

கடைக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். உங்களுடையது ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 18 அல்லது 23 என்று கேட்டு வாங்குங்கள். 28 என்று எழுதிய லென்ஸை அதில் மாட்டினால் 42 ஆகிவிடும், கேனானில் 45. பாத்திரக்கடையில் பாதி வெளியே போய்விடும்.