பிரம்மதண்டு: காய் வாய் திறப்பதற்குள் பிடுங்குங்கள்

தரிசில் மஞ்சள் பூவும் வெள்ளை வரியோடிய முள் இலையுமாக நிற்கிற பிரம்மதண்டை நம்மூர்ச் செடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குடியோட்டிப்பூண்டு என்று சித்த வைத்தியத்தில்கூட இடம்பிடித்துவிட்டது. ஆனால் அதன் தாயகம் மெக்சிகோ பக்கம். ஒரு பருவத்தோடு பட்டுப்போகும் செடிதான். விதையால்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதனால் விதை விழாமல் பார்ப்பதுதான் முழு வேலையும்.

தாராபுரம் பக்கம் எங்கள் காட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முளைத்து, தையில் பூத்துவிடும். ஆடு இதில் வாய் வைக்காது. சுற்றியுள்ள புல்லை மேய்ந்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவதால், மேய்ச்சல் தரையில்தான் சீக்கிரம் பெருகும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும்போது களைக்கொத்தால் வேரோடு எடுப்பது சுலபம். வளர்ந்துவிட்டால் மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது மண்வெட்டி போடுங்கள். ஆணிவேர் என்பதால் மேலாக வெட்டினால் போதாது. தோல் கையுறை அவசியம், மெல்லிய ரப்பரை முள் கிழித்துவிடும். தண்டு ஒடிந்தால் மஞ்சளாகப் பால் வடியும். கண் நோய்க்கு அதைச் சொட்டு விடச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

காய் பிடித்த செடிக்குத்தான் நிதானம் வேண்டும். முள் மூடிய காய், காய்ந்ததும் நுனியில் மட்டும் பிளந்து வாய் திறக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் கறுப்பு விதைகள். செடியை உலுக்கினாலே கொட்டிவிடும். முதலில் காய்களைச் சாக்குக்குள் வளைத்து அறுத்துக்கொண்டு, அப்புறம் வேரை எடுங்கள். பச்சைக் காயானாலும் வரப்பில் போடாதீர்கள், எருக்குழியிலும் வேண்டாம்; காயவைத்து எரித்துவிடுங்கள்.

விதை தண்ணீரோடும் சக்கரத்தில் ஒட்டிய மண்ணோடும் போகும். வாய்க்காலில் மேல்பக்கத்தை முதலில் சுத்தம் செய்யுங்கள். வாடகை டிராக்டர் வந்தால் கலப்பையைக் கழுவிவிட்டு இறக்கச் சொல்லுங்கள். மண்ணுக்குள் விதை பல வருஷம் உறங்கும். ஒரு வருஷம் பிடுங்கிவிட்டோம் என்று விடாமல் ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு சுற்று வாருங்கள்.

கடுகு போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். இந்த விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். 1998இல் டெல்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு, கால் வீங்கி, மூச்சுத்திணறி, 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டித் தேய்த்துப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும், இது சொரசொரப்பு. நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், இதற்கு வெள்ளை. ஒரு வெள்ளை தெரிந்தாலும் அந்தக் கடுகைச் செக்குக்குக் கொடுக்காதீர்கள்.