எஸ்விஸெட் துண்டும் மேட்ரிஜெல்லும்: இளம் நியூரான்களுக்கு வழிகாட்டும் மூலக்கூறுகளைச் சோதிக்கும் முறை

பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டியின் மூளையில், பக்க வென்ட்ரிக்கிளின் (திரவம் நிறைந்த அறையின்) சுவரை ஒட்டிய சப்வென்ட்ரிகுலர் ஸோனில் இளம் நியூரான்கள் ஓயாமல் பிறக்கின்றன. அங்கிருந்து முன்பக்கமாகச் சில மில்லிமீட்டர் ஊர்ந்து முகர்வுக் குமிழை அடைகின்றன. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சங்கிலியாகப் போவதுதான் இவற்றின் தனித்தன்மை. வழியில் எது தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று அறிய, அந்தப் பகுதியிலிருந்து (சுருக்கமாக எஸ்விஸெட்) ஒரு துண்டை வெட்டி மேட்ரிஜெல்லில் (செல்களைச் சூழும் புரதங்களால் ஆன ஜெல்லில்) வளர்ப்பதே எளிய முறை. நியூரான்களுக்குத் துணைநிற்கும் க்ளையா செல்களின் உதவி இல்லாமலே சங்கிலி நகரும் என்பதை விக்டெர்லேயும் அல்வாரெஸ்-புய்யாவும் 1997-இல் காட்டியது இதில்தான்.

தொடங்கும் முன்பே ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு சமிக்ஞை செல்லின் திசையை மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம், சங்கிலியைக் குலைக்கலாம். மூன்றும் ஒரே படத்தில் ஒன்றுபோலவே தெரியும். கீழே சொல்லும் கட்டுப்பாடுகள் (ஒப்பீட்டுச் சோதனைகள்) எல்லாம் இவற்றைப் பிரித்தறியத்தான்.

துண்டு எடுத்தல்

நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழு ஒப்புதல் தந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். 3 முதல் 6 நாள் வயதுக் குட்டிகள் ஏற்றவை. மூளையைப் பனிக்குளிர்ச்சியான ஹேங்ஸ் கரைசலில் எடுத்து, 3 சதவீத லோ-மெல்ட் அகரோஸில் பதித்து, வைப்ரடோமில் (அதிரும் கத்தியால் திசுவைச் சீவும் கருவியில்) 300 மைக்ரோமீட்டர் தடிமனில் குறுக்குச் சீவல்களாக வெட்டுங்கள். அகரோஸ் 37 டிகிரிக்கு ஆறிய பிறகே மூளையை அதில் இறக்க வேண்டும்.

டிசெக்டிங் மைக்ராஸ்கோப்பின் கீழ் வென்ட்ரிக்கிளின் வெளிப்பக்கச் சுவரை மெல்லிய பட்டையாகச் சீவி, 150 முதல் 250 மைக்ரோமீட்டர் அளவுத் துண்டுகளாக்குங்கள். பெரும்பாலான தோல்விகளின் வேர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. எதிர்ச்சுவரான செப்டமும், வென்ட்ரிக்கிளுக்குள் இருக்கும் கொராய்ட் பிளெக்ஸஸும் தாமே ஸ்லிட் என்ற, செல்களைத் தள்ளும் புரதத்தைச் சுரப்பவை. அவற்றின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும், நீங்கள் எதையும் சேர்க்காமலே செல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும். மேலே உள்ள கார்பஸ் கலோசம் (இரு மூளைப் பாதிகளை இணைக்கும் நரம்பிழைக் கட்டு) சேர்ந்தால் க்ளையா செல்கள் பெருகிக் கணக்கைக் குழப்பும். துண்டு 300 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் ஆக்சிஜன் எட்டாமல் நடுப்பகுதி செத்துக் கறுக்கும்.

ஜெல்

மேட்ரிஜெல்லை முந்தைய இரவே 4 டிகிரியில், பனிக்கட்டிக்குள் புதைத்து உருக விடுங்கள். அது சுமார் 10 டிகிரிக்கு மேலே போனதும் உறையத் தொடங்கிவிடும். எனவே பிப்பெட் முனை, குழாய், தட்டு எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும். மூன்று பங்கு மேட்ரிஜெல்லுடன் ஒரு பங்கு மீடியம் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். குமிழி விழுந்தால் அந்தத் துளியை விட்டுவிடுங்கள், குமிழியின் ஓரத்தில் செல்கள் வழிமாறிப் போகும்.

முதலில் 10 மைக்ரோலிட்டர் ஜெல்லைப் பரப்பி 37 டிகிரியில் சில நிமிடம் இறுக விட்டு, துண்டை அதன்மேல் வைத்து, இன்னொரு 10 மைக்ரோலிட்டரால் மூடுங்கள். ஒரே துளியில் போட்டால் துண்டு அடியில் அமிழ்ந்து, செல்கள் பிளாஸ்டிக் மேல் தட்டையாகப் படரும், சங்கிலி உருவாகாது. 15 முதல் 20 நிமிடம் 37 டிகிரியில் இறுகியபின் நியூரோபேசல் மீடியத்தை ஊற்றுங்கள். அதில் 2 சதவீதம் பி27, 0.5 மில்லிமோலார் குளூட்டமைன், பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் இருக்க வேண்டும். பிறகு 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வையுங்கள். சில மணி நேரத்தில் முனைகள் நீளும், 24 மணிக்குள் சங்கிலிகள் நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் போயிருக்கும். எதுவும் வேறு சேர்க்காத துண்டில் இது சுற்றிலும் சமமாக நடக்காவிட்டால், மேற்கொண்டு போகாமல் வெட்டிய முறையைச் சரிசெய்யுங்கள்.

சமிக்ஞையை வைத்தல்

ஸ்லிட் எஸ்விஸெட் செல்களைத் தள்ளுகிறது என்று காட்டிய ஆய்வு 1999-இல் வந்தது. அதை ராபோ ஏற்பிகள் வழியே செல்கள் உணர்கின்றன. ஸ்லிட்2 மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) ஏற்றிய ஹெக்293 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகை) 20 மைக்ரோலிட்டர் தொங்கு துளிகளில் ஓரிரவு திரட்டி, அந்தத் திரளைத் துண்டிலிருந்து 200 முதல் 400 மைக்ரோமீட்டர் தள்ளி ஒரே ஜெல்லில் பதியுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் அது மூலக்கூறின் விளைவா, வெறும் இடநெருக்கடியா என்று சொல்ல முடியாது.

ஸ்லிட்டை மீடியத்தில் தேடி ஏமாறாதீர்கள். முழு ஸ்லிட்2-உம், ராபோவுடன் இணையும் அதன் என்-முனைத் துண்டும் செல் பரப்பில் உள்ள ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கண்டிஷன்ட் மீடியத்தில் (ஸ்லிட் செல்கள் வளர்ந்த பின் எடுத்த மீடியத்தில்) விளைவு பலவீனமாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம்.

மூன்று கட்டுப்பாடுகள் தேவை: வெறும் பிளாஸ்மிட் ஏற்றிய ஹெக்293 திரள், ஸ்லிட்டைப் பிடித்துத் தடுக்கும் கரையும் ராபோ புறப்பகுதி சேர்த்த ஸ்லிட் தட்டு, ஸ்லிட் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய தட்டு. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில்தான் வேகம் குறைகிறதா என்பது தெரியும். சமமாகப் பரவிய ஸ்லிட்டில் நகர்வு சுற்றிலும் குறைந்தால், ஒருபக்க ஒதுக்கத்தைத் திசைமாற்றம் என்று மட்டும் வாசிக்க முடியாது.

சாயமும் கணக்கும்

24 முதல் 48 மணிக்குள் நிறுத்திவிடுங்கள். 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடை அறை வெப்பநிலையில் 30 நிமிடம் ஊற்ற வேண்டும். குளிரூட்டி ஊற்றினால் ஜெல் இளகி நகர்ந்துவிடும். டபுள்கார்டின் புரதமும், பிஎஸ்ஏ (பாலிசியாலிக் அமிலம்) என்ற சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய பிஎஸ்ஏ-என்கேமும் இளம் நியூரான்களைக் காட்டும், ஜிஎஃப்ஏபி ஆஸ்ட்ரோசைட்டுகளை (ஒருவகை க்ளையா செல்களை). ஆன்டிபாடி ஜெல்லுக்குள் மெதுவாகத்தான் புகும், செல் சவ்வைத் துளைக்கும் 0.3 சதவீத ட்ரைட்டானுடன் 4 டிகிரியில் இரண்டு நாள் கொடுங்கள்.

துண்டை மையமாக வைத்து நான்காகப் பிரித்து, திரளை நோக்கிய கால்பகுதியின் செல்களை எதிர்க்கால்பகுதியின் செல்களால் வகுங்கள். 1-ஐ ஒட்டினால் சமம், குறைந்தால் தள்ளல், கூடினால் இழுப்பு. விகிதத்தோடு நிறுத்தாமல் மொத்தச் செல் எண்ணிக்கை, முனைவரை தூரம், செத்த செல்கள், சங்கிலியில் இருப்பவை எத்தனை, தனியாக இருப்பவை எத்தனை ஆகியவற்றையும் எழுதுங்கள். என்டோ-என் நொதியால் பிஎஸ்ஏ-வை நீக்கும்போது மாறுவது சங்கிலிதான், அதை விகிதம் காட்டாது.

ஐயம் இருந்தால் 5 நிமிடத்துக்கு ஒரு படமாக 12 மணி நேரம் எடுங்கள். இந்தச் செல்கள் நின்று நின்று தாவுபவை. முன்முனை நீளும், பின்னர் நியூக்ளியஸ் அதற்குள் பாயும். முனை வேறு பக்கம் திரும்பினால் திசைமாற்றம். முனை நேராகவே இருந்து நியூக்ளியஸ் பின்தங்கினால் சிக்கல் இயக்கத்தில்.

இழுப்பைச் சோதிக்க, முகர்வுக் குமிழில் உருவாகும் புரோகினெட்டிசின் 2 என்ற புரதத்தை இதே அமைப்பில் வைக்கலாம். அதன் ஏற்பியான புரோகேஆர்2-இல் பிறழ்வு உள்ளவர்களில் சிலருக்கு மணம் தெரியாமையும் பருவமடைதல் தடைபடுவதும் சேர்ந்த கால்மன் நோய் வருகிறது.

ஒரே குட்டியின் 8 துண்டுகளை 8 மாதிரிகளாக எண்ணாதீர்கள். அவை ஒரே மாதிரிதான். வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளில் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். மேட்ரிஜெல்லின் லாட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள், லாட் மாறினால் நகரும் தூரமும் மாறும்.