ஹண்டிங்டன் லேப்ல ரிசர்ச் வேலைக்குப் போறீங்களா, இதையெல்லாம் பண்ணி வைக்காதீங்க

பரம்பரையா வர்ற மூளை நோய் ஆராய்ச்சிக்கு யுனிவர்சிட்டில பிஎச்டி, போஸ்ட்டாக், ரிசர்ச் அசிஸ்டன்ட்னு ஏதாவது வேகன்சி வந்தா நம்ம ஆளுங்க அனுப்புற கவர் லெட்டர்ல முக்கால்வாசி "இந்தக் கொடிய நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கறது என் சின்ன வயசுக் கனவு"ன்னுதான் ஆரம்பிக்கும். அந்த ஒரு வரிலயே தெரிஞ்சிடும், அந்த லேப் என்ன பண்ணுதுன்னு படிக்காம அனுப்பியிருக்காங்கன்னு. அந்த மாதிரி நோய்ல ஒண்ணான ஹண்டிங்டன் பக்கம்தான் நான் இருக்கேன், அதனால அதையே வச்சு சொல்றேன்.

இந்த நோய் மொத்தமும் ஒரு எண்ணைச் சுத்திதான் ஓடுது. நாலாவது குரோமோசோம்ல ஹண்டிங்டின் ஜீன் இருக்கு, அதுல சிஏஜின்னு மூணு டிஎன்ஏ எழுத்து திரும்பத் திரும்ப வரும், எத்தனை தடவை வருதுங்கறதுதான் அந்த எண். 26 வரைக்கும் நார்மல், 40ஓ அதுக்கு மேலயோ போனா நோய் வரும், நடுவுல 36லேருந்து 39 வரைக்கும் வரலாம் வராமலும் போகலாம், 27லேருந்து 35 இருக்கறவங்களுக்கு வராது, ஆனா பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை ஏறலாம். இதை யாரு வேணா மனப்பாடம் பண்ணிட்டு வந்துடலாம். மாட்டிக்கறது அடுத்த கேள்வில. "எண்ணிக்கை தெரிஞ்சா எந்த வயசுல நோய் வரும்னு சொல்லிடலாமா?"ன்னு கேட்டா, படக்குன்னு ஆமாம்னுடுவாங்க. சொல்ல முடியாதுங்க. ஒரே எண்ணிக்கை இருக்கற ரெண்டு பேருக்கு பல வருஷ வித்தியாசத்துல நோய் ஆரம்பிக்கும்.

ஏன்னு யோசிக்கறதுதான் இப்போ இந்த ஃபீல்டோட பாதி வேலை. சிஏஜி வரிசையோட கடைசில வழக்கமா சிஏஏன்னு வேற மூணு எழுத்து இருக்கும், ரெண்டும் ஒரே அமினோ ஆசிடைத்தான் கொடுக்கும், ஆனா அந்த சிஏஏ இல்லாதவங்களுக்கு நோய் முன்னாடியே வருதுன்னு 2019ல ஒன்பதாயிரத்துக்கும் மேல நோயாளிங்களை வச்சுப் பாத்த ஜெனடிக்ஸ் ஸ்டடில தெரிஞ்சது, அதாவது புரோட்டீன் நீளத்தை விட டிஎன்ஏல இடைவெளி இல்லாம எவ்வளவு நீளம் ஓடுதுங்கறதுதான் முக்கியம். அப்புறம் எஃப்ஏஎன்1, எம்எல்எச்1 மாதிரி டிஎன்ஏ ரிப்பேர் ஜீன்களும் வயசை முன்னப்பின்ன தள்ளுது. 2025 ஆரம்பத்துல ஹார்வர்டுல இருக்கற மக்கரால் லேப் பேப்பர் வந்துச்சு, பிறக்கும்போது 40 சொச்சம் இருக்கற வரிசை சில மூளை செல்களுக்குள்ள வருஷக்கணக்கா மெதுவா நீண்டுக்கிட்டே போய் 150ஐத் தாண்டினப்புறம்தான் செல் கெட ஆரம்பிக்குதுன்னு. அதனால "ரத்தத்துல 44 வந்துச்சு சார், மூளைலயும் 44தான்"னு இன்டர்வியூல சொன்னா எதிர்ல இருக்கறவங்க முகம் மாறும், அதுக்கு மேல நீங்க என்ன பேசினாலும் தேறாது.

எலி விஷயம். ஆர்6/2னு 1996ல வந்த எலி, மனுஷ ஜீனோட முதல் துண்டு மட்டும்தான் அதுக்குள்ள இருக்கு, சில மாசத்துலயே செத்துப்போயிடும். அந்த எலிக்கு உடம்பு தேறிடுச்சுன்னா நோய் குணமாகும்னு ரிசர்ச் பிளான்ல எழுதாதீங்க. டாமினர்சென் கதையை ஒரு தடவை உக்காந்து படிங்க: ஹண்டிங்டின் புரோட்டீனையே குறைக்கற மருந்து, எல்லாரும் எதிர்பார்த்தது, 2021 மார்ச்ல டோஸ் நிறுத்திட்டாங்க, எட்டு வாரத்துக்கு ஒருதடவை ஊசி போட்டவங்க சும்மா ஊசி போட்டவங்களை விட மோசமா ஆனாங்க. அந்த மருந்து நோய் ஜீனை மட்டும் இல்ல, நல்ல ஜீனையும் சேத்தே குறைக்குது, அதுவா காரணம், இல்ல டோஸா, இல்ல லேட்டா ஆரம்பிச்சதான்னு யாராவது கேட்டா நீங்க யோசிச்சு வச்சிருக்கணும். மனப்பாட பதிலை விட இந்த மாதிரி தடுமாறி யோசிக்கறதுதான் அவங்களுக்குப் பிடிக்கும்.

லேப்ல சேந்தப்புறம் பண்ற தப்பு வேற. ஜீனைப் பெருக்கறதுக்கு பிளாஸ்மிட்னு ஒரு வட்ட டிஎன்ஏல வச்சு பாக்டீரியாவுக்குள்ள வளர்ப்போம், ஆனா பாக்டீரியாவுக்கு நீளமான சிஏஜி பிடிக்காது, வளர்க்க வளர்க்க வெட்டித் தள்ளிடும். நான் சேந்த புதுசுல பிளாஸ்மிட்டை சாதா பாக்டீரியா ஸ்ட்ரெயின்ல போட்டு 37 டிகிரில வளர்த்து மூணு வாரம் எக்ஸ்பெரிமென்ட்டும் பண்ணிட்டு அப்புறம் சீக்வென்ஸ் பாத்தா வரிசை பாதியா சுருங்கிக் கிடக்குது. இந்த மாதிரி வரிசையை அவ்வளவா வெட்டாத எஸ்டிபிஎல்3 ஸ்ட்ரெயின், 30 டிகிரி, பிளாஸ்மிட்டைப் பிரிச்சு எடுக்கற ஒவ்வொரு தடவையும் நீளம் செக் பண்ணுங்க, சலிப்பா இருக்கும், பண்ணித்தான் ஆகணும். ஸ்டெம் செல்லும் அப்படித்தான், மாசக்கணக்கா வளர்த்தா எண்ணிக்கை மாறலாம், பேசேஜ் நம்பரை (செல்லை எத்தனை தடவை புதுத் தட்டுக்கு மாத்தினோம்ங்கற கணக்கை) குறிச்சு வைக்காம கல்ச்சர் பண்ணினவங்க பின்னாடி அழுவாங்க.

இன்னொண்ணு, இதை யாரும் முன்னாடியே சொல்லித் தர மாட்டாங்க. ஒப்பிட்டுப் பாக்க நார்மல் கன்ட்ரோல் வேணும்னு லேப்ல கூட வேலை பாக்கறவங்க ரத்தத்தையோ உங்க எச்சிலையோ எடுத்து சிஏஜி பாக்கவே பாக்காதீங்க. 38 வந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க? அப்பா அம்மாவுக்கு ஃபோன் போடுவீங்களா? இந்த நோய் ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதனாலதான் டெஸ்ட்டுக்கு முன்னாடி கவுன்சிலிங்னு ஒரு முறை வச்சிருக்காங்க, டிஎன்ஏவைப் பெருக்கற பிசிஆர் மெஷின் சும்மா இருக்குதுன்னு பண்ற விஷயம் இல்ல அது.

குடும்பங்களை சந்திக்கற நாள்ல வாய் ஜாக்கிரதை. ஆபத்துல இருக்கற பிள்ளைங்க நிறைய பேர் டெஸ்ட்டே வேணாம்னு முடிவு பண்ணியிருப்பாங்க, அவங்க கிட்ட போய் "ஏன் பாத்துக்கல?"ன்னு கேட்டுடாதீங்க. ரிசர்ச்சுக்குன்னு எடுத்த ரிசல்ட்டை, எவ்வளவு கெஞ்சினாலும், நீங்க சொல்லக்கூடாது, கிளினிக்குக்கு அனுப்புங்க.

இந்தியாலேருந்து அப்ளை பண்றவங்க இங்க பண்ணின வேலையைச் சின்னதா எழுதறாங்க, அதுவும் தப்பு. வட இந்தியால அதிகமா தெரியற எஸ்சிஏ12 நோயும் சிஏஜி நீள்றதாலதான் வருது, அந்த மாதிரி சேம்பிள்ல பிசிஆர் போட்டு ஸ்டட்டர் பீக்குங்களுக்கு (பிசிஆர் வழுக்கறதால கூடவே வர்ற போலி உச்சிகளுக்கு) நடுவுல சரியான நீளத்தை எண்ணத் தெரிஞ்சிருந்தா அதை முதல் பாராலயே போடுங்க, கனவெல்லாம் அப்புறம். சம்பளம், கிராண்ட்ல இன்னும் எத்தனை வருஷக் காசு மிச்சம் இருக்குதுன்னு கேக்கறதுக்குக் கூச்சப்படவும் வேணாம், ஒரு வருஷம்தான் மிச்சம்னா எலி வளர்க்கற புராஜெக்ட்டை ஒத்துக்காதீங்க.